முகம் எங்களுக்கு, முதுகு அவர்களுக்கு

எங்கள் வீட்டில் நிலம் பிரித்தபோது சண்டை வரவில்லை. அச்சு பிரித்தபோதுதான் ஓரகத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஏரித் தண்ணீரில் கொஞ்சம் நெல், ஒரு கிணறு, அதோடு நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்கிற வேலை. மாமனார் களிமண்ணில் உருவம் பிடிப்பார். அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி முன்பாதி, பின்பாதி என்று அச்சு எடுப்பார்கள். இரண்டு பாதியிலும் மண்ணை அழுத்திச் சேர்த்து மூடித் திறந்தால் பொம்மை. அச்சு எடுத்ததும் மூல உருவம் கலைந்து போய்விடும். பிறகு அச்சுதான் எல்லாம்.

எழுபதுகளின் கடைசியில் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனபோது பாகம் பிரித்தார். நிலம் சரிபாதி. கிணறு பொது. அச்சுகளில் முன்பாதி எல்லாம் மூத்தவரான என் வீட்டுக்காரருக்கு. பின்பாதி எல்லாம் இளையவருக்கு. ஏன் என்று கேட்டோம். "ரெண்டும் சேந்தாத்தான் பொம்ம" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓரகத்தி விடவில்லை. "நல்லா பிரிச்சாரு மாமா, அக்கா. உங்களுக்கு மூஞ்சி, எங்களுக்கு முதுகா? முதுக வாங்க எவன் கீறான் ஊர்ல?"

"மூஞ்சிய மட்டும் வாங்க எவன் கீறான்?" என்றேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாமனார் காலமான பிறகும் அப்படியே நடந்தது. கொழுந்தனார் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிப் போயிருந்தார். ஆடி பிறந்தால் பின்பாதிகளை வைக்கோலில் பொதித்து வண்டியில் கொண்டு வருவார். புதுப் பொம்மைக்கு அச்சு எடுப்பதானாலும் இருவரும் சேர்ந்துதான். கொழுந்தனார் சோப்புத் தண்ணீர் காய்ச்சித் தடவுவார். என் வீட்டுக்காரர் பிளாஸ்டர் கரைத்து ஊற்றுவார். சிறு வயதில் அவர்கள் அப்பா பழக்கிவிட்டபடி, ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைத்ததில்லை.

அப்புறம் ஒரு கோடையில் கிணற்று மோட்டாரால் பேச்சு முற்றியது. கரண்டு வருகிற கொஞ்ச நேரத்தில் யார் முறை என்கிற தகராறு. "உன் வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்றார் தம்பி. "மிதிக்காதே" என்றார் அண்ணன். ஆடி வந்தது, வண்டி வரவில்லை. காஞ்சிபுரம் கடைக்காரர், பெருமாளுக்குப் பக்கத்தில் வைக்கிற தாயார் பொம்மை கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்.

"முதுகுதானே? நானே போட்டுக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பயம் வந்தது. அவரால் முடியாது என்பதால் அல்ல, முடிந்துவிடுமே என்பதால். இந்த வேலை ஒன்றுதான் இரண்டு வீட்டையும் இன்னும் கோர்த்து வைத்திருந்தது. புதுப் பின்பாதிகள் வந்துவிட்டால் அந்த வாசலிலிருந்து இந்த வாசலுக்கு வர ஒரு காரணமும் இருக்காது. சனிக்கிழமை சுந்தரவரதப் பெருமாள் சந்நிதியில் நின்றபோது என்ன கேட்பதென்றே தெரியவில்லை. புருஷன் வேலை கெடட்டும் என்று எந்தப் பெண்டாட்டி வேண்டுவாள்? கண்ணை மூடி, "நீயே பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, துளசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதலில் தாயார் அச்சை எடுத்தார். முன்பாதியை நிமிர்த்தி வைத்து, சூடம் காட்டி, அதற்குள் களிமண்ணை நிரப்பினார். மேலே மண்ணைக் குவித்து முதுகு வடித்தார். சடை போடுகிற இடத்தில் கை நின்றுவிட்டது.

"கொஞ்சம் திரும்பி ஒக்காரு."

"இன்னாத்துக்கு?"

"உன் பின்னலப் பாக்கணும்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என் பின்னலை அவர் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். மண்ணில் அழகாகவே வந்தது. சுற்றிலும் தகரத்தை வளைத்துக் கட்டி, பிளாஸ்டர் கரைத்து ஊற்றினார். அது சூடாகி இறுகியதும் தகரத்தைக் கழற்றிவிட்டுப் பிரிக்கப் பார்த்தார்.

பிரியவில்லை. ஆப்பு வைத்துத் தட்டினார். அசையவில்லை. விளிம்பில் கோடுகூடத் தெரியாமல் பழைய பாதியும் புதுப் பாதியும் ஒரே கல்லாக நின்றன. ஆப்பைக் கீழே போட்டார்.

"சோப்பு" என்றார்.

பிளாஸ்டர் மேல் பிளாஸ்டர் ஊற்றுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர் தடவாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அது அவருக்குத் தெரியாததா? ஆனால் அந்த வேலையை அவர் கை ஒருநாளும் செய்ததில்லை. கரைப்பதும் ஊற்றுவதும்தான் கைக்குப் பழக்கம்; அது தன் வேலையைச் செய்துவிட்டது.

மாமனார் பிடித்த முகம் அந்தக் கல்லுக்குள் இருந்தது. செய்து முடித்த பொம்மையிலிருந்து வேறு அச்சு எடுக்கலாம்தான். மண் காய்ந்தும் வெந்தும் சுருங்கியதால் அது சின்னதாக வரும். மூக்கும் உதடும் மழுங்கிப் போகும். தாயார் முகத்தை நம் கையாலேயே மூடிவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் கேட்காமல் நான் கிணற்றைத் தாண்டி நடந்தேன்.

ஓரகத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "வாக்கா. வழி தெரிஞ்சிச்சா?"

"தாயார் அச்சு ஒட்டிக்கினு போச்சுடி. முகம் உள்ள மாட்டிக்கினு கீது."

உள்ளேயிருந்து கொழுந்தனார் வந்தார். "சோப்பு போடலியா அண்ணி?"

"போடல தம்பி."

அவர் சட்டை மாட்டவில்லை. இரும்பறுக்கும் பிளேடையும் சின்ன உளியையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஓரகத்தி வாளியைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தாள்.

வாசல்படியில் ஒரு நொடி நின்றார். பிறகு மிதித்து உள்ளே வந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை; அச்சைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்து, விரலால் தட்டிக் கேட்டார்.

"சோப்பு போடணும்னு தெரியாது?"

"அது என் வேலையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பின்ன யார் வேல?"

ஓரகத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நடுவுல அறுத்தா ரெண்டும் போவும். ஒரு பக்கத்த ஒடைச்சித்தான் இன்னொண்ண எடுக்கணும்" என்றார் கொழுந்தனார். "சொல்லுண்ணே. மூஞ்சியா, முதுகா?"

என் வீட்டுக்காரர் அந்தப் புது முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தயவு வேண்டாம் என்றுதானே அதைச் செய்தார்.

"முதுக ஒடை" என்றார்.

கொழுந்தனார் வெந்நீர் கேட்டார். ஊற்றி ஊறவிட்டு, பிளேடால் கீறிக் கீறி, உளியால் புதுப் பாதியைத் துண்டு துண்டாகப் பெயர்த்தார். சடை பதிந்திருந்த துண்டு தனியாக விழுந்தது. ஓரகத்தி அதைப் பொறுக்கி, என் பின்னலைப் பார்த்தாள்.

"அய்ய, இது அக்கா சடை! மாமா பண்ண தாயாருக்கு அக்கா சடையா? நல்லா கீது கூத்து!"

எல்லாரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் வேட்டியை உதறிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

உள்ளே முகத்தின் மேல் மண் இருந்ததால் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. விளிம்புதான் காதோரம் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. மண்ணை வழித்துக் கழுவியதும், உள்வாங்கிய அந்த முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்று மாலையே வண்டியில் பின்பாதிகள் வந்தன. மோட்டாரைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்தத் தகராறு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். அடுத்த கோடையிலும் கத்தினார்கள். ஆனால் ஆடிக்கு வண்டி வந்தது.

அந்த அச்சில் வருகிற தாயாருக்கெல்லாம் காதோரம் ஒரு மேடு இருக்கும். ஈரத்திலேயே கத்தியால் சீவ வேண்டும். சீவுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

பின்னொரு வருஷம் புது அச்சு எடுக்கிற நாளில் கொழுந்தனார் வர நேரமாயிற்று. சோப்புத் தண்ணீரை நானே காய்ச்சி வைத்திருந்தேன். "நீங்களே தடவினா இன்னா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அது அவன் வேல" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டர் மூட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.