ஐயர் மகளுக்குத் தனி அடுப்பு

கோலாலம்பூரில் கோடைக்காலம் என்று ஒன்று கிடையாது. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், மதியம் நாலு மணிக்கு மழை கொட்டும், மறுநாளும் அதே கதை. வருஷம் முழுக்க இப்படித்தான். ஆனாலும் பிரிக்பீல்ட்ஸில் நான் போகிற லுத்தரன் சபையின் வாட்ஸாப் குழுவில் ஒருநாள், "சம்மர் கேம்ப்புக்கு இடம் பார்க்க யார் வர்றீங்க?" என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. இல்லாத சம்மருக்கு எங்கே போய் இடம் பார்ப்பது? விசாரித்தால், யாரோ அமெரிக்காவிலிருந்து ஒரு முகாம் வழிகாட்டிப் புத்தகம் அனுப்பியிருந்தார்களாம். அதன் அட்டையில் சம்மர் என்று போட்டிருந்ததால் இங்கேயும் சம்மராம். முதல் பக்கமே, காட்டில் காய்ந்த சுள்ளி பொறுக்குவது எப்படி என்றுதான் தொடங்குகிறது. இந்த நாட்டில் காய்ந்த சுள்ளியைக் கண்டவர்கள் எனக்குத் தெரியப்படுத்தவும். சனிக்கிழமைகளில் வேறு வேலையில்லாததால் நானும் வருகிறேன் என்று பதில் போட்டேன்.

எங்கள் ஊரில் கோடை என்றால் கோடைதான். நான் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் வளர்ந்தவள். அப்பா தேவசகாயம் அங்கே குருவானவர். சபையார் அவரை ஐயர் என்பார்கள், அம்மாவை ஐயரம்மா, என்னை ஐயர் மக. எங்கள் பக்கத்து லுத்தரன்களுக்குப் பாதிரியார் என்றால் ஐயர்தான், தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் அது. பூணூலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லப்போனால், கருவாடு இல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காத ஐயர் எங்கள் அப்பா. மே மாதம் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் கோடை முகாம் நடத்துவார். ஓட்டுக்கூரை அனலைக் கக்க, ஜமக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடுவோம். மூன்றாம் நாள் மதியம் கருவாட்டுக் குழம்பு. அந்த ஒரு நாள் மட்டும் சபைப் பக்கமே வராத பிள்ளைகளெல்லாம் வந்து குவிந்துவிடும். அப்பா அதை ஆவிக்குரிய எழுப்புதல் என்று சொல்லிக்கொள்வார்.

இனி ரோஸ்மேரி ஆன்டி. கிள்ளானிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காரோட்டி வருகிறவர், சபைச் சமையலுக்கு அவர்தான் ராணி. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அப்பா என்னம்மா செய்றாரு?"

"ஐயரா இருந்தாரு ஆன்டி. தவறி நாலு வருஷமாச்சு."

"ஐயரா?" கண்ணை விரித்தார். "ஐயர் மகளா இருந்துக்கிட்டு நீ எப்படிம்மா இங்க வந்த?"

கோலாலம்பூருக்கு எப்படி வந்தேன் என்று கேட்கிறார் என்றே நினைத்தேன். "ஃப்ரெண்டு ஒருத்தி சொன்னா. எனக்கும் மனசுக்குப் பிடிச்சுது, வந்துட்டேன்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

"அம்மா மொதல்ல அழுதாங்க. சொந்தக்காரங்க திட்டுனாங்க. இப்ப பழகிடுச்சு."

ஆன்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "என் கதையும் இதே கதைதாம்மா," என்றார். அட, இவரும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர் போல என்று நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு. சபையில் எல்லோரும் கோழிப் பிரட்டலோடு சோறு சாப்பிடும்போது எனக்கு மட்டும் மூடிவைத்த தட்டில் சாம்பார், அவரைக்காய், ஓர் அப்பளம். நான் பக்கத்தில் போனால் ஆளாளுக்குக் கோழிச் சட்டியை நகர்த்துவார்கள். புதுசாக வந்த இந்தியாக்காரிக்கு இந்த ஊர் உறைப்பு தாங்காது என்று பயப்படுகிறார்களோ, இல்லை என் உடம்பைப் பார்த்து யாராவது முடிவெடுத்துவிட்டார்களோ என்று குழம்பினேன். வந்த இடத்தில் கொழுப்பெடுத்துக் கோழி கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் மாமாக் என்று இந்த ஊரில் சொல்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஒரு முழுக் கோழிக்காலை ஒரு கை பார்ப்பேன். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது.

இடம் பார்க்கப் புறப்பட்டது ஆன்டியும் நானும் மட்டும்தான். வாட்ஸாப்பில் 'ஆமென்' போட்ட மற்றவர்கள் ஒருவரும் வரவில்லை. முதல் இடம் பந்திங்கைத் தாண்டிக் கடலோரத்தில். அறைக்கு அறை ஏர்கான், வாசலில் பெரிய சிலுவை, வைஃபைக்குக் கடவுச்சொல்லாக ஒரு வேத வசனம். அதிகாரத்தைச் சரியாகச் சொன்னால்தான் இணையம் கிடைக்கும். ஞாயிறு பள்ளிக்குப் போயிருக்காவிட்டால் அன்று என் போன் ஊமையாகிவிட்டிருக்கும். இரண்டாவது தெலுக் பங்லிமா காராங் பக்கம், தியான மண்டபத்தின் ஜன்னலைத் திறந்தால் எதிரே தொழிற்சாலைப் புகைபோக்கி. "அமைதியாக இருந்து ஆண்டவரின் குரலைக் கேளுங்கள்" என்று சுவரில் எழுதிவைத்திருந்தார்கள். லாரிகள் போன இரைச்சலில் பக்கத்தில் நின்ற ஆன்டியின் குரலே கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் ஆன்டி படுக்கையைப் பார்க்கவில்லை, கழிப்பறையைப் பார்க்கவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய், "சைவத்துக்குத் தனி அடுப்பு இருக்கா?" என்று கேட்டார். முகாமுக்கு யாரோ பெரிய சைவப் பழம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது இடம் உலு லங்காட்டில், காட்டை ஒட்டி. பார்த்துக்கொள்கிறவர் ஒரு மலாய்ப் பெரியவர், தலையில் தொப்பி, கையில் சாவிக்கொத்து. ஆன்டி அவரிடமும் தனி அடுப்பு கேட்டார். ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். ஆன்டி என்னைக் கைகாட்டி மலாயில் விளக்கினார்:

"தியா தா மாக்கான் டாகிங். தியா ஆனாக் ஐயர்."

இவள் இறைச்சி சாப்பிடமாட்டாள், இவள் ஐயர் பிள்ளை என்று அதற்கு அர்த்தம்; எனக்கு அது பிறகுதான் புரிந்தது. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆனாக் ஆயர்? அடா, அடா!" இருக்கு, இருக்கு என்று மலாயில் சொல்லிக்கொண்டே எங்களைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், மூங்கிலை விலக்கி, சலசலவென்று ஓடிக்கொண்டிருந்த ஓர் ஓடையைக் காட்டினார். மலாயில் ஆனாக் என்றால் பிள்ளை, ஆயர் என்றால் தண்ணீர். தண்ணீர்ப் பிள்ளை என்றால் ஓடை! குளிக்கலாம், ஆனால் அட்டை இருக்கிறது, மழை வந்தால் இறங்காதீர்கள் என்று அக்கறையாக வேறு சொன்னார்.

"ஐயோ, நான் என்ன கேக்குறேன், இவரு என்னத்தக் காட்டுறாரு!" என்று ஆன்டி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க ஆன்டி?"

"ஐயர் மகள்னு சொன்னேன் லா. உனக்குத்தானே தனி அடுப்பு. கோழி வெந்த சட்டியில உனக்குச் சமைச்சா பாவம் இல்லையா?"

 எட்டு மாதத்துச் சாம்பாரும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து நின்றது. பழைய லுத்தரன் குடும்பங்கள் எப்போதோ ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டன. தமிழ் ஆராதனையில் இருப்பவர்கள் பெரும்பாலும் எஸ்டேட்டிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பாதிரியார் பாஸ்டர், ஐயர் என்றால் கோயில் ஐயர்தான். எஸ்தர் என்ற என் பெயர்கூட மதம் மாறி ஞானஸ்நானம் எடுத்தபோது வைத்தது என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். விழுந்து விழுந்து சிரித்து, காரில் போகும்போதே உடைத்துச் சொல்லியிருப்பேன். ஆனால் ஏறியதுமே ஆன்டி முந்திக்கொண்டார்.

"நான் பந்திங் எஸ்டேட்டுல பொறந்தவ. திருவிழாவுக்குக் கோயிலுக்கு ஒரு ஐயர் வருவாரு. எங்க லயத்து ஆளுங்களுக்கு மட்டும் திருநீற உசரத்துலேருந்து போடுவாரு, கை பட்டுடக் கூடாதுன்னு. நான் சின்னப் பிள்ளை, கைய ஏந்திக்கிட்டு நிப்பேன். பாதி கீழதான் விழும்." சிக்னலில் வண்டி நின்றது. என் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் சர்ச்சுக்கு வந்துட்டேன், எங்க வீட்டுல கை கழுவிட்டாங்க. ஆனா பாரு, இன்னைக்கு ஒரு ஐயர் மக என் கையால சாப்பிடுது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ சாப்பிடுறத பாத்துக்கிட்டே நிப்பேம்மா. எனக்கு அது போதும்."

இதற்குப் பிறகு என்னத்தைச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கக்கேடு, உள்ளுக்குள் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. ஊருக்கு வெளியே தள்ளிவைத்த தெரு எங்களுடையது. சபைக்குள்தான் அப்பா ஐயர், பெரிய தெருவுக்கு வெறும் தேவசகாயம், நரைத்த தலையிலும் வாடா போடாதான். ஒருமுறை 'தேவசகாயம் ஐயர்' என்று முகவரி எழுதிய கடிதம் ஒன்று வந்தது. தபால்காரர் அதைப் பெரிய தெருவில் நின்று சத்தமாகப் படித்து, "ஐயராம்ல, ஐயர்!" என்று சிரிக்க, கூட நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அப்பா கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "ஐயர் வந்திருக்கேன், சோறு போடு," என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஊரில் கடைசிவரை கிடைக்காத ஐயர் பட்டம், கடல் தாண்டி வந்த இடத்தில் அவருக்குத் தாம்பாளத்தில் கிடைத்திருக்கிறது. அதுவும் தப்பான ஐயர் பட்டம்.

முகாமுக்கு அந்த ஓடை இடமே முடிவாயிற்று. நிகழ்ச்சி நிரலை வாங்கி இரண்டு தடவை படித்தேன். சனிக்கிழமை மாலை கேம்ப்ஃபயர், சாட்சி பகர்வது சிஸ்டர் எஸ்தர், ஐயர் குடும்பத்திலிருந்து இரட்சிக்கப்பட்டவர்! அத்தனை பேருக்கு முன்னால் அப்பா பெயரில் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் ஆன்டியின் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்வதென்றால் முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமை மதியம் சமையல்கட்டுக்குப் போனேன். ஒரு பக்கம் பெரிய சட்டியில் கோழி, மறு பக்கம் தனி அடுப்பில் எனக்கான குட்டிச் சட்டி.

"ஆன்டி, எங்க ஊர்ல பாஸ்டரைத்தான் ஐயர்னு சொல்வோம். எங்கப்பா பாஸ்டர். நாங்க ஐயர் இல்ல ஆன்டி. அந்தத் திருநீறு எங்க கையிலயும் உசரத்துலேருந்துதான் விழுந்திருக்கும்."

கரண்டி நின்றது. ஆன்டி என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப உங்கப்பா கவிச்சி சாப்பிடுவாரா?"

"கருவாடுன்னா உசுரு."

"எட்டு மாசமா நீ வாயத் தொறக்கல."

"எனக்கே அன்னைக்கு ஓடைகிட்டதான் ஆன்டி தெரிஞ்சது. கார்ல சொல்ல வந்தேன். நீங்க..."

"போ, போயி பாட்டுப் புஸ்தகத்த அடுக்கு."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வெளியே வந்து ஒரு மூலையில் நின்று அழுதேன்.

நாலு மணிக்கு மழை தவறாமல் வந்தது. அமெரிக்கப் புத்தகத்தில் சொன்னபடி அடுக்கிய விறகு நனைந்து ஊறியது, கடையில் வாங்கிய கரியும் புகைந்து செத்தது. கேம்ப்ஃபயரைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் மாற்றினார்கள். போன் வெளிச்சத்தை ஒரு சிவப்புத் துணியால் மூடி, அதைச் சுற்றி எல்லோரையும் உட்காரச் சொன்னார் பாஸ்டர். மைக்கை என் கையில் திணித்தார்.

"எங்கப்பாவ ஊர்ல ஐயர்னு சொல்வாங்க," என்று ஆரம்பித்தேன். "அவர் பிறந்ததிலேர்ந்து வேதக்காரர். சர்ச்சுலதான் ஐயர். கருவாடு இல்லாம சாப்பிடவே மாட்டார்."

 பின்வரிசையிலிருந்து ஓர் அங்கிள் எழுந்து, "ஐயரே கருவாடு சாப்பிட ஆரம்பிச்சிட்டாரு! ஸ்தோத்திரம்!" என்று கத்தினார். கூடமே கைதட்டியது. எங்கள் ஊரில் கிறிஸ்தவரைச் சொல்லும் வேதக்காரர், இவர்கள் காதில் வேதம் ஓதுகிறவராக விழுந்திருக்கிறார். இல்லை, இல்லை, அப்படி இல்லை என்று நான் கையை ஆட்ட ஆட்ட, ஆவியில் நிறைந்துவிட்டேன் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு ஜெபம் பண்ணிவிட்டார். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே முழு உண்மையை இப்படியா ஒரு சபை கேட்கும்! ஆன்டி மட்டும் கைதட்டவில்லை. சமையல்கட்டு வாசலில் துண்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

சாப்பாட்டு வரிசையில் கடைசியாகப் போய் நின்றேன். ஆன்டி என் முகத்தைப் பார்க்காமல், முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டைப் போட்டார்.

"ஐயர் மகளுக்குச் சாம்பார் போட்டாச்சா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"போட்டாச்சு லா!" என்று ஆன்டி சத்தமாகச் சொல்லி, தட்டை என் கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. என் விரல்களை ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் விட்டார்.

மேசையில் எனக்கு இருபுறமும் ஆள். சோற்றில் கைவைத்தேன், ஏதோ தட்டுப்பட்டது. மெல்ல விலக்கிப் பார்த்தால் சாம்பார் சோற்றுக்கு அடியில் முழுசாக ஒரு கோழிக்கால். நிமிர்ந்தேன். ஆன்டி அடுப்பைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது: "ஆனாக் ஆயர்."

மழைக்குப் பெருத்த ஓடை சுவருக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருந்தது. தட்டின் மேலே ஐயர் மகள், அடியில் தேவசகாயம் மகள். சோற்றை இழுத்து மூடிக்கொண்டு குனிந்து சாப்பிட்டேன், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எலும்பை மட்டும் எங்கே போடுவதென்று தெரியாமல் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.