மாப்பிள்ளையின் இருமலும் மாமனாரின் இருமலும்

நோயாளியிடம் "ஊசி வேண்டாம், தானே போய்விடும்" என்று சொல்லி அடி வாங்காமல் தப்புவதுதான் கம்பவுண்டர் வேலையிலேயே கஷ்டமானது. ஐம்பதுகளில் ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு டாக்டரிடம் அந்த வேலை பார்த்தேன். மார்கழிப் பனி இறங்கினால் ஊரே இருமும். நெஞ்சில் சளி கட்டி அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஊசி எங்கே?

லுங்கி நெய்யும் முனுசாமி குடியாத்தத்திலிருந்து வந்தார். ஐந்து நாளாக இருமல். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "மூச்சுக்குழாய் வீங்கியிருக்கு. நல்லா தூங்குங்க, வெந்நீர் குடிங்க. இருமல் ரெண்டு மூணு வாரம் இருந்துட்டுத்தான் போவும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் ஏறினாலோ, சளியில ரத்தம் வந்தாலோ உடனே வாங்க" என்றார்.

முனுசாமி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். ஊசி கிடையாது என்றேன். சுருட்டிய கையை மெதுவாக இறக்கினார்.

"இன்னா சார், வெந்நீர் குடிக்கவா பஸ் ஏறி வந்தேன்?"

மேஸ்திரியின் பீடி

தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியான கோவிந்தனிடம், இருமல் நிற்கும்வரை பீடியைத் தொடாதே என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்து வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருமல் கம்மியாயிடுச்சு சார். பீடி இல்லாம பேஜார்தான் ஜாஸ்தியாயிடுச்சு!"

கையெழுத்துப் போட்டுக் கொடுங்க

குமாஸ்தா ரஃபீக்குக்கு நிக்காஹ் நடக்கப் பத்து நாள் இருந்தது. அவன் இருமுவதைக் கேட்ட பெண்ணின் அப்பா, தோல் வியாபாரி, அவனைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். "டி.பி.யா டாக்டர் சாப்? மறைக்காதீங்க. எனக்கு ஒரே பொண்ணு."

ரஃபீக் தலையைத் தூக்கவே இல்லை. பையனுக்குக் கண் கலங்கியிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார், சளியையும் சோதித்தார். இரண்டும் சுத்தம். "வெறும் மார்ச்சளி. நிக்காஹ் அன்னைக்குக்கூட ரெண்டு இருமல் இருமுவான், பயப்படாதீங்க" என்றார். வியாபாரி விடவில்லை. அதை எழுதி வாங்கிக்கொண்டார். அப்புறமும் சந்தேகம் தீராமல், தினம் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இருமலை உன்னிப்பாகக் கேட்டுவிட்டுப் போவாராம்.

நிக்காஹுக்கு நானும் போயிருந்தேன். சம்மதமா என்று கேட்டபோது ரஃபீக் மூன்று முறையும் "கபூல்" என்று கணீரெனச் சொன்னான். ஒரு செருமல்கூட இல்லை. அடுத்த நொடி முன்வரிசையில் ஒரு பேரிருமல் கிளம்பியது. மாமனார்! சபையே சிரித்தது. வாயில் கைக்குட்டையோடு அவர் என்னிடம் ஓடி வந்தார்.

"கம்பவுண்டர் சாப், எனக்கும் ஒரு சர்டிபிகேட் எழுதுங்க. இல்லேன்னா மாப்பிள்ளை என்னை வேணாம்னுடுவான்!"

இத்தனை பேருக்குப் பொறுமை சொன்ன நான், அடுத்த வாரம் எனக்கு இருமல் வந்தபோது, ஒரே ஒரு ஊசி போடச் சொல்லி டாக்டரிடம் மூன்று நாள் கெஞ்சினேன்.