கம்பி இல்லாத ஆறு

ஸ்ரீரங்கத்துக்காரனிடம் நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு ஆற்றுக்கு நடுவில் பிறந்தவனாயிற்றே! உண்மையில், அம்மா மண்டபப் படித்துறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முங்குவதுதான் என் மொத்த நீச்சலும்.

துபாயிலிருந்து லீவில் வந்த என் நண்பன் ரஃபீக்கை, வடக்கே ஒரு தேசியப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இருபுறமும் செங்குத்தான பாறை, நடுவில் ஆறு. இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக்.

“எனக்கு நீச்சல் தெரியாது மச்சான்.”

“நான் எதுக்குடா இருக்கேன்? காவிரியில பொறந்து வளர்ந்தவன்!”

கைடிடமும் அதையே அளந்தேன். அதை நம்பி அவரும் எங்களைத் தனியாக விட்டுவிட்டு, வேறு கயாக்கில் பின்னால் வந்தார். போட்டோவுக்காக லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வைத்ததும் நான்தான்.

அடுத்த திருப்பத்திலேயே கவிழ்ந்தோம். என் கை கம்பியைத் தேடியது. ரஃபீக்கின் தோள்தான் கிடைத்தது. அதை அழுத்தி மேலே வந்தேன். அவன் உள்ளே போனான். தெரிந்தும் நான் கையை எடுக்கவில்லை. கைடு வந்துதான் இருவரையும் கரையில் போட்டார்.

திருச்சி திரும்பியதும் அவன் வீட்டில் எனக்கு நெய்ச்சோறு விருந்து.

“அண்ணே, நீங்கதான் இவரைக் காப்பாத்துனீங்களாமே! தினமும் உங்களுக்காக துஆ செய்றேன்” என்று கண்கலங்கினாள் அவன் மனைவி.

ரஃபீக்கைப் பார்த்தேன். பனியனுக்கு வெளியே, தோளில் என் நகக்கீறல்கள்.

“சாப்பிடுடா” என்றான், என்னைப் பார்க்காமல்.

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் என் வாய், அன்று சோற்றை மட்டும் மென்றது.

அவன் துபாய் போய்விட்டான். அந்தத் தங்கச்சி இன்னும் எனக்காக துஆ செய்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். காரணத்தையும் சொல்ல வேண்டுமே.