மேளம் நின்ற ஸ்டேடியம்

போன ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கவில்லை.

அதிலென்ன, ஞாயிறு காலையில் போன் அடிக்காவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே என்பீர்கள். எங்கள் டூங்கபி வீட்டில் கதை வேறு. ஜேர்மனியில் இருக்கிற என் தம்பி ஜெயந்தன், சனிக்கிழமை மாட்ச் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் எனக்குப் போன் எடுப்பான். பூமியின் மறுபக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது ஞாயிறு காலை ஏழு. வென்றாலும் எடுப்பான், தோற்றாலும் எடுப்பான். தோற்றால் கொஞ்சம் அதிக நேரம் பேசுவான்.

ஏழு பத்து... ஏழு இருபது...

"என்னப்பா, முறைச்சுப் பாத்தா போன் அடிக்குமே?" என்றாள் மனைவி மாலதி.

அவளுக்கென்ன. அவன் என்னுடைய தம்பியல்லவா? ஜெயந்தனுக்கு மூன்று மாதம் முன்புதான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வயது ஐம்பத்தாறு. பஸ் ஓட்டுகிறான். ஆனால் மாட்ச் பார்ப்பது மட்டும் நின்றுகொண்டு – இரண்டு மணி நேரம், துள்ளிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு. அவன் மனைவி வதனி போன மாதம் எனக்கு எடுத்து அழுதாள். "அத்தான், நீங்கள் சொன்னாத்தான் கேப்பார். கதிரையிலை இருந்து பாக்கிற டிக்கெட்டுக்கு மாறச் சொல்லுங்கோ." நானும் பெரிய மனிதனாக, "நான் கதைக்கிறன்" என்றேன்.

கதைத்தேனா? கதைத்தேன்... நாலு ஞாயிறு... கோல் போட்ட கதை மட்டும்.

இந்த ஜேர்மனி ஸ்டேடியங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நான் அங்கே போயிருந்தேன். மற்றவர்கள் விருந்தாளிக்குக் கோட்டை, ஆறு என்று காட்டுவார்கள். இவன் என்னை ஸ்டேடியம் ஸ்டேடியமாக இழுத்துக்கொண்டு திரிந்தான். மியூனிக்கில் வெளிச்சுவர் முழுக்க நிறம் மாறி ஒளிர்கிறது. கெல்சன்கிர்ஷனில் புல்தரையை அப்படியே தட்டோடு வெளியே தள்ளி வெயில் காய வைக்கிறார்கள். உள்ளே சின்னதாக ஒரு தேவாலயமும் உண்டு, கல்யாணம்கூட நடக்குமாம். பெர்லினில் மரங்களுக்கு நடுவே ஒரு மைதானம் – அதைத் திருத்திக் கட்டியபோது ரசிகர்களே வந்து வேலை செய்தார்களாம். டோர்ட்முண்டில் ஒரே மேடையில் இருபத்தையாயிரம் பேர் நின்று பார்க்கிறார்கள். கதிரை என்ற பேச்சே இல்லை.

தம்பியின் ஊர் ஸ்டேடியம் இவற்றோடு போட்டி போடாது. ஊர்ப் பெயரை எழுதினால் கோபிப்பான், விடுவோம். அங்கேயும் நின்று பார்க்கிற மேடை இருக்கிறது. இலக்கம் கிடையாது. ஆனாலும் அவரவர் நிற்கிற இடம் அவரவருக்குத் தெரியும். என்னையும் கொண்டுபோய் நிறுத்தினான். மேளச் சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. "இது எப்ப நிக்கும்?" என்று கேட்டேன்.

"மாட்ச் முடியுமட்டும் நிக்காது அண்ணை. ஆரும் விழுந்தா மட்டும்தான் நிக்கும். மயக்கம், ஹார்ட் அட்டாக் எண்டா உடனை மேளத்தை நிப்பாட்டி, கொடியளை இறக்கிப்போடுவாங்கள். மற்ற ரீமின்ரை ஆக்களும் பாடமாட்டாங்கள்."

அப்போது அதை ஒரு நல்ல பழக்கம் என்று மட்டும் நினைத்தேன்.

ஏழு நாற்பதுக்கு, சும்மா இருக்கமுடியாமல் மாட்ச் ஹைலைட்ஸைப் போட்டேன். முதல் பாதி வழக்கம்போல ஒரே இரைச்சல். இரண்டாம் பாதியில் தம்பியின் அணியில் ஒருவன் கோல் போட்டான். யாரும் கத்தவில்லை. கமரா தம்பி நிற்கிற மேடைக்குத் திரும்பியது. ஒரு கொடி இல்லை. மேளம் இல்லை. அத்தனை பேரும் வாய் மூடி நின்றார்கள்.

வீடியோவை நிறுத்தினேன்.

தம்பிக்கு எடுத்தேன். ஜேர்மன் மொழியில் ஒரு பெண் ஏதோ பதிவுசெய்து வைத்ததைச் சொன்னாள். திரும்ப எடுத்தேன். அவளேதான். வதனிக்கு எடுக்கலாமா? அவள் முதியோர் இல்லத்தில் மாலை வேலையில் இருப்பாள். ஒன்றும் அறியாமல் இருக்கிறவளுக்கு என்ன சொல்வது? 'நீ கதைக்கச் சொன்னாய், நான் கதைக்கவில்லை' என்றா? மாலதி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். இந்த முறை பகிடி பண்ணவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

முருகா, அவனாக இருக்கக்கூடாது. வேறு யாராகவாவது இருக்கட்டும்... இப்படித்தான் கும்பிட்டேன். இதே சொற்களில்.

எட்டு இருபதுக்குப் போன் அடித்தது.

"அண்ணை, நான்தான். போனிலை சார்ஜ் முடிஞ்சுபோச்சு. இஞ்சை ஹொஸ்பிற்றலிலை ஒரு நேர்ஸிட்டை சார்ஜர் வாங்கி..."

"ஹொஸ்பிற்றலிலையோ?"

"எனக்கில்லை. பக்கத்திலை நிக்கிற மனுசன் விழுந்திட்டார்."

"அப்ப நீ இல்லை?"

"நான் இல்லை அண்ணை."

"அப்பாடா, நல்லது" என்றேன்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அவர் இன்னும் உள்ளுக்கைதான். ஒப்பரேஷன் நடக்குது."

என் வாயிலேயே நாலு போடலாம் போலிருந்தது.

பதினொரு வருடமாகத் தம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறவர். வலது முழங்கால் நோகும், சொசேஜுக்குக் கடுகு அள்ளிப் போடுவார், மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை – எல்லாம் தம்பிக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் பெயரைக் கேட்டபோதுதான், பெயர் தெரியாது என்பதே அவனுக்கு உறைத்ததாம். பதினொரு வருடத்தில் அது தேவைப்படவே இல்லை. ஹொஸ்பிற்றலுக்கு வர அவருக்கு யாரும் இல்லை என்பது தெரிந்ததால் கூடவே ஏறிப் போய்விட்டான்.

இதுதான் சமயமென்று நான் தொடங்கினேன். "பாத்தியே? இதுக்குத்தான் வதனி சொல்லுறா. நீ கதிரைக்கு மாறு."

"அண்ணை, அந்த மனுசன் சனிக்கிழமையிலை மட்டும்தான் ஆக்களோடை நிக்கிறவர். மிச்ச நாளெல்லாம் வீட்டிலை தனிய. அங்கை விழுந்திருந்தா ஆர் பிடிக்கிறது? நெருக்கி நிண்டபடியால்தான், நிலத்திலை விழமுந்தி நாலு பேர் ஏந்தினம். என்னை அந்த இடத்தை விட்டுப் போகச் சொல்லாதேங்கோ."

தம்பி சொல்வது சரியாக இருந்தால் அண்ணனுக்கு எவ்வளவு எரிச்சல் வரும், தெரியுமா?

மனிதர் பிழைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை வதனி எடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்... அவள் முந்திக்கொண்டாள்.

"அத்தான், இவரை மாறச் சொல்லவேண்டாம். சொன்னாலும் கேக்கப்போறதில்லை. அந்த மனுசன் திரும்பி வர ரெண்டு மூண்டு மாசமாகுமாம். அதுவரைக்கும் அவரின்ரை சீசன் டிக்கெட்டிலை இவருக்குப் பக்கத்திலை நான் நிக்கப்போறன்."

"நீயோ? உனக்குப் பிரஷர் எல்லோ?"

"ஓம், இருக்குத்தான். விழுந்தா அவர் பிடிப்பார்தானே."

ஆக, இனி நான் மூன்று பேருக்காகக் கும்பிட வேண்டும்.