டோன்யா எர்மெலிந்தா வேண்டாம்னு சொன்ன விலக்கு

என் வயித்துல ஒரு தழும்பு இருக்கு. குளிக்கிறப்போ கை அதுல பட்டா டோன்யா எர்மெலிந்தா ஞாபகம் வந்துரும். டோன்யான்னா எங்க பக்கம் பெரியவங்களை மரியாதையாக் கூப்பிடறது. அந்த மகராசி நல்லா இருக்கணும். வாயைத் திறந்தா வசவுதான். அதுக்கென்ன, வாய்க்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லாத ஆளுங்க உலகத்துல உண்டு.

டெக்ஸஸ்ல எங்க சான் ரமீரோ ஊர்ல அவங்க சோளரொட்டிக் கடையைத் தெரியாதவங்க கிடையாது. புருஷன் செத்தப்புறம் தள்ளுவண்டியில ரொட்டி வித்து, வெயில்ல கருகி, அந்தக் கடையைப் பிடிச்சாங்க. வேலைக்கு நாங்க நாலு பேர். அடுப்புல கிளெமெந்தே, முன்னால விக்கிறதுக்கு ரெண்டு பொண்ணுங்க, மாவு அண்டாகிட்ட நான்.

அந்த வருஷம் நகரசபை ஒரு சட்டம் போட்டுச்சு. வேலை செய்யறவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா முதலாளி சம்பளத்தோட லீவு குடுக்கணும், வேலையை விட்டும் எடுக்கக் கூடாது. ஆனா ஆறு பேருக்குக் குறைவா வச்சிருக்கிற கடைக்கு விலக்கு. டோன்யாவுக்கு ஒரே பெருமை. “எங்க கடைக்குச் சட்டம் கிடையாது!”ன்னு ரொட்டி வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னாங்க. ஏதோ நகரசபையே வந்து மாலை போட்ட மாதிரி.

எனக்கு அப்போ குடலிறக்கம். அண்டா தூக்கித் தூக்கி வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும், அப்புறம் சில வாரம் பாரமே தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷன் செலவை கவுன்டி அரசாங்க ஆஸ்பத்திரி பாத்துக்கும். வீட்டு வாடகையை யார் பாத்துப்பா? தயங்கித் தயங்கி டோன்யாகிட்ட கேட்டேன்.

“டிசம்பர்லயா? கிறிஸ்துமஸ் ஆர்டர் தலைக்கு மேல கிடக்குடி! வயித்து வலி எனக்கும்தான் வருது. எனக்கு யார் லீவு குடுக்கறா? பண்டிகை முடியட்டும், பாப்போம்.”

கோவம் வந்துச்சு. ஆனா அவங்க கால் வீங்கிக் கிடந்ததையும் பாத்தேன். திரும்பி அண்டாகிட்டயே போயிட்டேன்.

திங்கக்கிழமை கடைக்கு லீவு. டிசம்பர்ல ஒரு திங்கக்கிழமை டோன்யாவோட கொமாத்ரேங்க எல்லாம் கடை அடுப்படிக்கு வந்துருவாங்க. ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி ஞானத்தாய், அப்படி ஒரு உறவு. ரத்த சொந்தத்தைவிட உரிமை ஜாஸ்தி. எல்லாரும் உக்காந்து சோளத்தோல்ல மாவு தடவி, கறி வச்சு மடிச்சு, தமாலே அவிப்பாங்க. விக்கிறதுக்கு இல்ல. அவங்கவங்க வீட்டுக்கும் கோயில் விருந்துக்கும்தான். மடிக்கிறது பாதி, ஊர்வம்பு பாதி. நானும் கிளெமெந்தேவும் ஒத்தாசைக்குப் போவோம்.

அன்னிக்குப் பாத்து நகரசபையிலிருந்து மிஸ் ஃபாம் வந்து நின்னுச்சு. கடை கடையாப் போய்ப் புதுச் சட்டத்தைச் சொல்ற வேலை அந்தப் பொண்ணுக்கு. அடுப்படி நிறைய ஆளுங்களைப் பாத்துட்டு, “இவங்க எல்லாரும் உங்ககிட்ட வேலை பாக்கறாங்களா?”ன்னு கேட்டுச்சு.

டோன்யாவுக்குக் கொமாத்ரேங்க முன்னால கடையைச் சின்னதாச் சொல்ல மனசு வருமா? நெஞ்சை நிமித்திக்கிட்டு, “எல்லாம் என் ஆளுங்கதான்! பின்ன என்ன, பெட்டிக்கடைன்னு நெனச்சியா?”ன்னாங்க.

“அப்போ உங்களுக்கு விலக்கு கிடையாது, டோன்யா. உடம்பு முடியாதவங்களுக்கு நீங்க சம்பளத்தோட லீவு குடுத்தாகணும்.”

எனக்குக் காதுல தேன் பாஞ்சுச்சு. டோன்யா முகம் செத்துப்போச்சு. கிளெமெந்தே சும்மா இருக்கானா? “எனக்கும் ரொம்ப நாளா முதுகு வலி, டோன்யா”ன்னு முனகினான். கரண்டி பறந்துச்சு.

கொமாத்ரே கூக்காதான் காரியத்தைக் கெடுத்தா. டோன்யாவைக் காப்பாத்தறோம்னு நெனச்சு, “ஐயோ மிஸ், நாங்க வேலைக்காரிங்க இல்ல! எங்க வீட்டுக்குத்தான் செய்றோம். சம்பளம் குடுத்தா இவ மூஞ்சிலயே எறிவோம்!”னு உண்மையைப் போட்டு உடைச்சிட்டா.

மிஸ் ஃபாம் சிரிச்சுது. “அப்போ நாலு பேர்தானா? விலக்கு இருக்கு. கவலைப்படாதீங்க.”

எல்லாரும் கைதட்டினாங்க. நான் மாவு மூட்டைமேல உக்காந்துட்டேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, அடக்க முடியாம அழுதுட்டேன். கைதட்டல் நின்னுபோச்சு. டோன்யா என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

“ஏம்மா, விலக்கு இருந்தா லீவு குடுக்கக் கூடாதா?”ன்னு மிஸ் ஃபாம்கிட்ட கேட்டாங்க.

“தாராளமாக் குடுக்கலாம். உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, அவ்வளவுதான்.”

டோன்யா இடுப்புல கட்டியிருந்த ஏப்ரன்ல கையைத் துடைச்சாங்க. “இப்போ கொஞ்ச நேரம் அந்தச் சட்டம் என் கடைமேல இருந்துச்சு. கூரை ஒண்ணும் இடிஞ்சு விழலையே. எனக்கு உங்க விலக்கு வேண்டாம். ஏய் நெரெய்தா, மூக்கைச் சிந்து. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. சம்பளம் வீடு தேடி வரும். கூக்கா! பெரிசா வாயைத் திறந்தியே, இவ வர்ற வரைக்கும் அண்டா உன்னோடது. உனக்கும் சம்பளம் உண்டு, மூஞ்சில எறிஞ்சே, கையை ஒடிச்சிருவேன்.”

“எனக்கு முட்டிவலிடி!”ன்னா கூக்கா.

“உக்காந்து கிண்டு!”

ரெண்டு சம்பளம் குடுக்க அந்த டிசம்பர்ல அவங்க என்ன பாடு பட்டாங்களோ, எங்கிட்டச் சொன்னதே இல்ல. ஆபரேஷனுக்கு மறுநாள் தூக்குல கோழிரசம் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. உப்பு கம்மின்னு நர்ஸ்கிட்ட வாய் வேற. அப்போ டாக்டர் வந்து, “நல்லவேளை இப்பவே வந்தாங்க. குடல் சிக்கிக் கருக்க ஆரம்பிச்சிருந்துச்சு. பண்டிகை வரைக்கும் தாங்கியிருக்காது”ன்னார்.

டோன்யா கட்டில் ஓரத்துல அப்படியே உக்காந்துட்டாங்க. கடையில அவங்க உக்காந்து நான் பாத்ததே இல்ல.

“பண்டிகை முடியட்டும்னு சொன்னேனேடி... பாவி, உன்னைக் கொன்னிருப்பேனே”ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாங்க.

“கொல்லலையே, டோன்யா. இங்கதானே இருக்கேன்”னு சொல்லி, அந்தக் கையை எடுத்து முத்தம் குடுத்தேன்.