துண்டுக்கு அடியில் விரல்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கூச்சத்தோடு நிற்கிறேன். என் காரில் வந்த அமெரிக்க அம்மாவுக்காகக் கடை கடையாக விசாரிப்பது நான்தான். அவருடைய கொள்ளுத்தாத்தா ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வியாபாரம் செய்தவர். வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கே ஏலக்காய் வாங்க வந்தாராம். அதற்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. நாளைக் காலை அந்த அம்மாவுக்கு விமானம்.

"அந்தப் பேரு தெரியாதுண்ணே. ஏலக்காயாவது வாங்கச் சொல்லுங்க" என்கிறார் கடைக்காரர். விளையாட்டாகத் தோள்துண்டை அந்த அம்மாவின் கைமேல் போட்டு, அடியில் தன் விரல்களை நீட்டுகிறார். "எங்க தாத்தாமாரு இப்படித்தான் வெல பேசுனாக. எத்தன விரலப் பிடிக்காகளோ, அதான் வெல."

அந்த அம்மா அவர் விரல்களைப் பிடித்தபடி திகைத்துப் போகிறார். யார் எத்தனை நாள் பாத்திரம் கழுவுவது என்று அவர் வீட்டில் இப்படித்தான் பேரம் பேசுவார்களாம், கைத்துணிக்கு அடியில் விரலைப் பிடித்து. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாதாம். தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்கிறேன்.

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "அப்ப அவுக கொள்ளுத்தாத்தா இங்கன வந்தது நெசந்தாண்ணே. எங்காளுககிட்டதான் கத்துட்டுப் போயிருக்காக. கைய விடச் சொல்லுங்க, காபி குடிப்போம்."

அந்த அம்மா விடவில்லை.

"அஞ்சு விரலக் குடுத்தேன்" என்று முனகுகிறார் கடைக்காரர். "நாலத்தான் பிடிச்சிருக்காக."