வெயிலில் வைத்த பேட்டரி

எங்கள் அப்பா செத்த பேட்டரியைத் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய ரேடியோவுக்கு இரண்டு பென்சில் பேட்டரி வேண்டும். சத்தம் கம்மத் தொடங்கினால் அவற்றைக் கழற்றி வாசலில் வெயிலில் போட்டுவிடுவார். நாள் முழுக்கக் காயும். சாயங்காலம் மாதா கோயில் மணி அடித்ததும் எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, கடைவாயில் வைத்து ஒரு கடி கடிப்பார். திருப்பி வைத்து இன்னொரு கடி. ரேடியோவில் போட்டால் செய்தி முடியும்வரை பேசும். எங்கள் ஊரான ஆவூர்ப் பக்கத்தில் அவர் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வைத்தியம் தெரியும். நானும் சின்ன வயதில் கடித்திருக்கிறேன். நாக்கில் ஒரு புளிப்பு ஏறும்.

விராலிமலையில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருக்கிறேன். நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, மூக்குக்கு மேல் கோபம். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். போன வருடம் ஒரு ஆசை வந்து சின்னதாக ஒரு ரோபோ கட்டினேன். சாப்பாட்டுத் தட்டு அகலம், நான்கு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு மஞ்சள் மோட்டார். சுவரைக் கண்டால் நின்று திரும்பும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். டீச்சரம்மா பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் எரிந்தது.

பேட்டரிதான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. முதலில் சார்ஜ் ஏற்றும் பென்சில் பேட்டரி நாலு போட்டேன். நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும் அந்த நொடியில் மொத்த மின்சாரத்தையும் அவையே உறிஞ்சிவிடும். மூளையாக இருக்கிற போர்டுக்கு ஒன்றும் மிஞ்சாது, அது அணைந்து அணைந்து எரியும். அடுத்து பழைய எமர்ஜென்சி விளக்கின் ஈய பேட்டரி. அதற்குப் பலம் உண்டு, ஆனால் அம்மிக்கல் கனம். ரோபோ நிறைமாதக்காரியைப் போல நகர்ந்தது. வெள்ளித் தாளில் மடித்த பொட்டலம் மாதிரி இருக்கும் லித்தியம் பேட்டரியை அதற்குப் பிறகுதான் திருச்சியில் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும், கனமே தெரியாது. மேலே இரும்பு உறை கிடையாது. விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும்.

கடைக்காரர் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"குத்திராதீங்க மேடம், அழுத்திராதீங்க. வெயில்ல வைக்கவே வைக்காதீங்க. உப்புச்சுன்னா அதோட விட்ருங்க."

"நான் பிசிக்ஸ் டீச்சர்ங்க" என்றேன்.

அந்த பேட்டரியில் ரோபோ பாய்ந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சிரித்தார். "ஏய், ஏய், நாய்க்குட்டி கணக்கா வருதே!" அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் நான் வீடு திரும்பியதும், எங்க அது, ஓட்டிக் காட்டு என்பார்.

ஒரு சனிக்கிழமை விடைத்தாள் திருத்தப் போகும் அவசரத்தில் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். அந்த வேலையில் இரண்டு நாள் வண்டியை ஓட்டிக் காட்டவும் இல்லை, அப்படியே கிடந்து பேட்டரி அடியோடு வற்றிவிட்டது. அந்த அளவுக்கு வற்றினால் திரும்ப ஏற்றக் கூடாது. சார்ஜரே சிவப்பு காட்டி மறுத்தது. எனக்கு வீம்பு. சார்ஜரை ஏமாற்றி ஏற்றுகிற வழி ஒன்று உண்டு, அதில் போட்டேன். ஏறியது. ஒரு மணி நேரத்தில் பொட்டலத்தின் நடுப்பகுதி அப்பளம் மாதிரி கொப்பளித்தது. நகப்பூச்சு வாடை ஒன்று மெல்ல வந்தது. பிடுங்கிவிட்டேன்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியில் அதை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒழுங்காக அப்புறப்படுத்தலாம் என்று நினைப்பு. மறுநாள் காலை அப்பா சட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா, வண்டி பேட்டரிய இங்க போட்டுருக்க?"

"அது செத்துருச்சுப்பா."

"ஏன், என்னாச்சு?"

எனக்கு நேரமாகிவிட்டது. ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டே சொன்னேன். "சொன்னா ஒங்களுக்குப் புரியாதுப்பா, விடுங்க."

அப்பாவுக்குக் காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டும். அதனால் அந்த வார்த்தையையும் கத்தித்தான் சொன்னேன். அவர் சரி சரி என்று தலையாட்டினார்.

அது சித்திரை வெயில். பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடந்தது. மதியத்திலிருந்தே எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. கேஸை மூடினேனா, தண்ணீர் மோட்டாரை நிறுத்தினேனா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எல்லாம் செய்திருந்தேன். வகுப்பு முடிந்து ஐந்தே காலுக்கு போனை எடுத்தபோது அப்பா இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். கூப்பிட்டேன்.

"ஆத்தா, ஒன் பேட்டரி செத்துப்போச்சுன்னியே, காலையிலயே எடுத்து வெயில்ல போட்டுட்டேன். நல்லா ஏறியிருக்கு. எப்படி உப்பியிருக்குங்கிற! நீ வா, வண்டி ஓடும் பாரு."

"அப்பா, தொடாதீங்க! அதத் தொடாதீங்க!"

"என்னது? சரி சரி, மெதுவா வா." போனை வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. பேசி முடித்ததும் போனை உள்ளே அலமாரியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார், அது அவர் வழக்கம். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் மகள் வீட்டில், திருவரங்குளத்தில் இருந்தார். வெயில் முடிந்ததும் அப்பா அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். துடைப்பார். வாயில் வைப்பார். அந்த உறை ஒரு பல் பட்டால் கிழிந்துவிடும். கிழிந்தால் அவர் முகத்துக்கு நேராகத் தீ பீறிடும்.

எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்காரர் என்னைத் திட்டியது நினைவிருக்கிறது. ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. ஹாரனை அழுத்திப் பிடித்தேன். மேய்ப்பவர், "போவுதுல்ல, பறக்காதீங்க" என்றார். அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. பாதி மந்தை கடப்பதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. என் ஆயுளில் அந்த மணிச் சத்தத்தை வெறுத்தது அன்றைக்குத்தான். மாதாவே, மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு புழுதியில் இறக்கி ஓட்டினேன்.

அப்பா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். முகம் முகமாகவே இருந்தது. கையில் பேட்டரி, தலையணை மாதிரி உப்பி, தோல் விறைத்து நின்றது. என்னைப் பார்த்ததும் அதைத் தூக்கிக் காட்டினார்.

ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பறித்தேன். கைக்குச் சுட்டது. வீட்டோரம் கொட்டிக் கிடந்த கட்டட மணலுக்கு ஓடும்போது பார்த்தேன். ஒரு முனையில் எச்சில் ஈரம். அதில் இரண்டு பள்ளங்கள், அருகருகே. அப்பாவுக்குக் கீழ்வரிசையில் மிச்சம் இருக்கிற இரண்டு பல்.

அதை மணலில் எறிந்து, காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். தடுமாறிக்கொண்டு வந்தார். "என்னத்தா, என்னத்தா" என்றார். பத்தடி போயிருப்போம். முதலில் சீறல் கேட்டது. அப்புறம் மணல் எழும்பி, வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து, நடுவில் ஆரஞ்சு நிறத்தில் தீ நின்றது. சத்தம் அப்பாவுக்கே கேட்டிருக்கிறது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தீ அடங்க நேரமாயிற்று. அதுவரை இருவரும் நகரவில்லை. பிறகு அவர் ஒரு விரலை வாய்க்குள் விட்டு, அந்த இரண்டு பல்லையும் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"ஒரு கடிதான் கடிச்சேன். திருப்பி வைக்கிறதுக்குள்ள ஒன் ஸ்கூட்டரு வந்துருச்சு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காதருகே குனிந்து சொன்னேன். "அதக் கடிச்சா தீப்பிடிக்கும்ப்பா. வெயில்லயும் வைக்கக் கூடாது."

அவர் புகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"புரியுதே" என்றார். "இம்புட்டுத்தானா?"